மஞ்சள் பையும் பதினான்கு இலக்கமும்: உடலை எழுதுதல் குறித்துச் சில குறிப்புகள்

சிங்கவரம் வருகிறவர்கள் மலையேறி, பாறைக்குள் படுத்திருக்கும் ரங்கநாதரைப் பார்த்துவிட்டு, செஞ்சிக் கோட்டைக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போய்விடுவார்கள். பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒன்று இருக்கிறது. அங்கே பெரும் பாறையொன்றில் வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசையில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் குன்றிலுள்ள ஒரு கல்வெட்டு, தமிழி எழுத்து வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்தைச் சேர்ந்தது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்த இடம் இது என்கிறது. சில நூற்றாண்டு தள்ளி வெட்டிய இன்னொன்று, இளையபட்டாரர் என்பவர் 30 நாள் இருந்ததைச் சொல்கிறது. எழுத்தின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் வந்து எழுத்துகளின் வளைவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்த எண்கள்தான் உறுத்தின. ஐம்பது நாளுக்கு மேல் பட்டினி கிடக்கிற ஆள் தானே நாளை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து யாரோ எண்ணியிருக்கிறார்கள். ஓர் உடலுக்கு நடந்ததை இன்னொருவர் கவனித்து, கணக்கு வைத்து, பின்னால் வருகிறவன் படிக்கும்படி எழுதிவைத்திருக்கிறார். எங்கள் வட்டாரத்தின் மிகப் பழைய மருத்துவக் குறிப்பேடு இதுதான் என்று நண்பர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உடலை எழுதுவது எப்போதுமே இரண்டு பேர் சம்பந்தப்பட்ட காரியம். கிடக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். எழுதுகிறவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர், எழுதியதைக் கிடக்கிறவர் படிக்க முடியுமா, தப்பென்றால் அடித்துத் திருத்த முடியுமா என்ற கேள்விகள் கல்லில் எழுதினாலும் உண்டு, கம்ப்யூட்டரில் எழுதினாலும் உண்டு. மின்னணு மருத்துவப் பதிவேடு நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஒரு கோஷ்டிக்கு அது முன்னேற்றம். இன்னொரு கோஷ்டிக்கு, அதில் நம்ம ஆட்கள்தான் அதிகம், அது கண்காணிப்பு. முடிந்தது விவகாரம்.

என் அம்மாவிடம் ஒரு மஞ்சள் பை இருந்தது. யாரோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்தது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு வருஷத்து ஓ.பி. சீட்டுகள், சர்க்கரை டெஸ்ட் ரிசல்ட், ஒரு எக்ஸ்ரே, தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சீட்டின் நிறத்தையும் மடிப்பையும் வைத்தே பிரித்துச் சொல்லிவிடுவாள். “தா பாரு, இது பாண்டியில எழுதினது. இது அந்தக் கண்ணாடி போட்ட டாக்டரம்மா எழுதினது.” அந்த டாக்டரம்மா எழுதிய சீட்டின் மூலையில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, சல்ஃபா மருந்து கூடாது என்று இருந்தது. முன்னொரு தடவை உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததன் நினைவு அந்த வட்டம். எங்கே போனாலும் அந்தச் சீட்டு மேலாக இருக்கும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது எங்கள் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. சிங்கவரத்தில் எங்கள் ஓட்டு வீட்டுக்குள் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர். காலையில் பையைத் தூக்கினால் உள்ளே சீட்டு இல்லை, கூழ் இருந்தது. மை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஊதா நிறத்தில். எக்ஸ்ரே மட்டும் தப்பியது. காகிதத்தைப் புனிதப்படுத்திப் பேசுகிற நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன். காகிதம் நனையும், கரையான் அரிக்கும், பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு இறங்கிவிடுவோம்.

சில வாரம் கழித்து நீர்க்கடுப்பு என்று அம்மாவை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம், எங்கும் நடப்பதுதான். கவுண்ட்டரில் இருந்த பையன் போன் நம்பரைக் கேட்டுத் தட்டினான். மூன்று வருஷத்துச் சர்க்கரை அளவு தேதி வாரியாக வந்து நின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. பை கரைந்த வீட்டுக்காரனுக்கு அது பெரிய விஷயம். டாக்டர் அறையில் தலையை நீட்டித் திரையை எட்டிப் பார்த்தேன். மதுப்பழக்கம் என்ற கட்டத்தில் உண்டு என்று இருந்தது. கள்ளுக்கடை இருந்த தெருவில்கூட நடக்காதவள் என் அம்மா. அது போகட்டும் என்றால், ஒவ்வாமை என்ற கட்டத்தில் இல்லை என்று இருந்தது. அம்மா சொன்னாள்: “ஏதோ ஒரு மாத்திரை எனக்கு ஆகாதுங்க சாமி, சீட்டுல எழுதி இருந்துது.” டாக்டர் திரையைப் பார்த்தார். “அப்படி ஒண்ணும் இல்லையேம்மா.” எழுதிக் கொடுத்தது சல்ஃபா கலந்த மாத்திரை. மூன்றாம் நாள் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. பிழைத்துக்கொண்டாள். சீட்டின் பெயர் தெரியாமல் வாங்கிக் கொடுத்ததில் எனக்கும் பங்குண்டு.

இதில் யோசிக்க வேண்டியது டாக்டரின் அலட்சியத்தைப் பற்றி அல்ல. காகிதச் சீட்டில் ஒவ்வாமை பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றால் அது வெறும் மௌனம். கேட்டார்களோ இல்லையோ என்று அடுத்து வருகிறவர் சந்தேகப்பட இடமிருக்கிறது. கட்டம் போட்ட திரை அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. உண்டு அல்லது இல்லை என்று ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வரிசையில் நூறு பேர் நிற்க, தட்டுகிறவர் எதையோ தொடுகிறார். கேட்காத கேள்விக்குப் பதில் பதிவாகிவிடுகிறது. கேட்கப்படாதது, இல்லாததாக மாறிவிடுகிறது. அதற்கப்புறம் வாய்க்கும் திரைக்கும் வழக்கு வந்தால் திரைதான் ஜெயிக்கும். திருத்தக் கேட்டேன். “ஒருவாட்டி சேவ் ஆயிட்டா எங்களால மாத்த முடியாது சார், மேல எழுதிக் கேக்கணும்” என்றார்கள். மேலே என்பது எந்த ஊர் என்று தெரியவில்லை.

இந்தப் பதிவேடு என்ற சரக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1968இல் அமெரிக்காவில் லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர், நோயாளிக் குறிப்பு என்பது தேதி வாரியாக எதையாவது கிறுக்கிவைப்பதாக இருக்கக் கூடாது, நோயாளியின் பிரச்சினைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று அடுத்தவருக்கு விளங்கும்படி எழுதவேண்டும் என்றார். கம்ப்யூட்டர் இதற்கு உதவும் என்றும் நம்பினார். அவர் யோசனையில் குறிப்பு என்பது சிந்திக்கிற முறை. 2009இல் அமெரிக்க அரசு மின்னணுப் பதிவுக்குப் பெரும் பணத்தை இறக்கியபோது எல்லா ஆஸ்பத்திரியிலும் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பில் போடுவதற்கு வாகான கட்டங்களும் வந்தன. அங்குள்ள டாக்டர்களே, நோயாளி முகத்தைவிடத் திரையைத்தான் அதிகம் பார்க்கிறோம் என்று புலம்புகிறார்கள். யாருக்குப் பதில் சொல்ல எழுதுகிறோமோ, அவருடைய கேள்விகள்தான் கட்டங்களாகின்றன.

நம் ஊரில் மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஓர் ஆஸ்பத்திரி தன் நோயாளிகளைப் பற்றி வைத்துக்கொள்ளும் பதிவு ஒன்று. கர்ப்பிணி, காசநோயாளி, சர்க்கரைக்காரர் என்று திட்டவாரியாக அரசாங்கம் வைக்கும் பதிவு இன்னொன்று. இவற்றையெல்லாம் ஒரே ஆளுடையது என்று கோக்கிற 14 இலக்க ‘ஆபா’ எண் மூன்றாவது. கடைசியில் சொன்னதை 2020 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். முதலில் ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதித்தார்கள். நாங்கள் பெரிய வியாதிக்கு ஓடுகிற புதுச்சேரி அதில் ஒன்று. 2021 செப்டம்பரில் நாடு முழுக்க வந்தது. அந்த எண்ணுக்குள் நம் வியாதி எதுவும் இல்லை. அது விலாசம் மாதிரி. குறிப்புகள் அந்தந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். நாம் சம்மதித்தால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும். ஏட்டளவில் நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஏட்டளவு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். முன்பெல்லாம் ராஜாக்களைப் பற்றித்தான் எழுதிவைத்தார்கள், நவீன காலத்தில்தான் சாதாரண மனுஷனைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள், ஆனால் அது அவனைப் போற்றுவதற்கு அல்ல, ஒரு ‘கேஸ்’ ஆக்கி ஆள்வதற்கு என்பது அவர் வாதம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாதத்தைப் பாதி மட்டும் படித்துவிட்டு, பதியாமல் விட்டால் விடுதலை என்று முடிவுக்கு வருகிறவர்களுக்கு, இங்கிருந்து வடக்கே வேலூர் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நம் கிராமங்களில் கிணற்றில் விழுந்தோ, பூச்சிமருந்து குடித்தோ, தூக்குப் போட்டோ செத்துப்போகிற பெண்களுக்குப் போலீஸ் எழுதுகிற காரணம் ஒன்று உண்டு. தீராத வயிற்றுவலி. தமிழ்நாட்டுப் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த வாசகம் அது. எங்கள் தெருவிலும் அப்படியொரு வயிற்றுவலி உண்டு. பதினேழு வயசு. அதற்கு முந்தின நாள் அவள் வீட்டில் என்ன சண்டை என்று ஊருக்கே தெரியும். சாவே பதிவாகாமல் போனதும் உண்டு. மெட்ராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இலேயே சட்டம் வந்துவிட்டது. மணியக்காரர் நோட்டில் எழுதுவார். அவருக்குப் புரியாத சாவெல்லாம் ஜுரம். சேரியில் விழுந்த சாவு அந்த நோட்டுக்கு எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். 1980இல் பரம்பரை மணியம் கர்ணம் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நோட்டின் கட்டங்கள் அவ்வளவாக மாறவில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவப் பிரிவு, கணியம்பாடி வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் பேருடைய பிறப்பு, இறப்பு, கர்ப்பம் எல்லாவற்றையும் தொடர்ந்து பதிந்துவந்தது. 1980களிலேயே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். ஊரிலேயே இருக்கிற பெண் ஊழியர் சேதி கொண்டுவருவார். அப்புறம் செவிலியர் வீட்டுக்குப் போவார். எப்படிச் செத்தார்கள் என்பதை வீட்டாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் உட்கார்ந்து கேட்டு, டாக்டர்கள் காரணத்தைத் தீர்மானிப்பார்கள். அப்படிச் சேர்ந்த பத்து வருஷக் கணக்கை 2004இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் லட்சத்துக்கு 148 பேர் வருஷாவருஷம் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். அதே வயது ஆண்களில் 58. அந்த வயதுப் பெண்பிள்ளைகளின் சாவில் பாதிக்கு மேல் தற்கொலை. அரசாங்கக் கணக்கு சொன்னதைவிடப் பல மடங்கு இது. வயிற்றுவலி என்று மூடியிருந்ததைத் திறந்தது ஒரு பதிவேடுதான். எழுதாமல் விடுவதும் ஒரு வன்முறை என்பதற்கு இதற்குமேல் எனக்கு ஆதாரம் வேண்டாம். ஆனால் ஒன்று கவனியுங்கள். கம்ப்யூட்டர் இருந்ததால் அந்த உண்மை வெளியே வரவில்லை. ஒருத்தி அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, கேட்டு, சொன்னதை நம்பினாள். கம்ப்யூட்டர் அதைத் தொலைக்காமல் வைத்திருந்தது. அதன் வேலை அவ்வளவுதான், அது சின்ன வேலையும் அல்ல.

இன்னொரு உதாரணம் நம் அரசாங்கத்துடையது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோய் என்று தெரிந்த அன்றே சில விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்கள். எடை உயரத்துக்கு ஏற்ப இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எப்படி ஓடுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஆபத்தான நிலை என்றால் உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும், சேர்த்தார்களா என்பதைக் கம்ப்யூட்டரில் தொடர்ந்து பார்க்க வேண்டும். காசநோயில் சாகிறவர்களில் பலர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்திலேயே போய்விடுகிறார்கள் என்பதால் வந்த யோசனை இது. எழுதுவது கொஞ்சம், எழுதினால் அன்றைக்கே செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. நல்ல பதிவேடு என்றால் எனக்கு இது ஞாபகம் வருகிறது. எழுந்து நிற்க முடிகிறதா என்பதைவிட மனுஷத்தனமான கேள்வியை எந்தக் கட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

இனி மறுபக்கம். 2008இல் தமிழ்நாட்டில் ‘பிக்மி’ என்ற பதிவு வந்தது. கர்ப்பம் தரித்த நாளிலிருந்து பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிற வரைக்கும் ஒவ்வொரு தாயையும் பின்தொடர்கிற ஏற்பாடு. ரத்தசோகை உள்ளவள் யார், ரத்தக்கொதிப்பு உள்ளவள் யார் என்று முன்கூட்டியே தெரிவதால் காப்பாற்றப்பட்டவர்கள் உண்டு. அதை மறுக்கிறவன் மனசாட்சி இல்லாதவன். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய்க்கும் இந்தப் பதிவுதான் வழி. 2017இல் இன்னொன்று செய்தார்கள். இந்தப் பதிவின் 12 இலக்க எண் இருந்தால்தான் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் என்று ஆக்கினார்கள். பராமரிப்புக்கென்று வந்த குறிப்பு, வாசலில் நிற்கிற காவலாளியானது இங்கேதான். பிறப்புச் சான்றிதழ் பிள்ளையின் உரிமை. அம்மா எந்த மாசத்தில் யாரிடம் போய்ப் பதிந்தாள் என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மாறி மாறிப் போகிற எங்கள் பக்கத்து இருளர் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். எந்த நர்சம்மாவின் எல்லையில் அவள் கர்ப்பிணி?

நர்சம்மாவின் பக்கமும் ஒன்று இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் ஒருவர் கையில் நாலைந்து ஆயிரம் ஜனம். ஊசி போடணும், எடை பார்க்கணும், பிரசவத்துக்கு அனுப்பணும். எழுதுவதும் அவர்தான். முதலில் நோட்டில் எழுதி, அப்புறம் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். நெட் வராது, சர்வர் சுற்றும். “பொம்பளைங்களப் பாக்கறதுக்கு நர்ஸ் வேலைக்கு வந்தேன், இப்ப பொம்பளைங்களப் பத்தி டைப் அடிக்கறேன்” என்று ஒருவர் சொன்னார். மாத ரிப்போர்ட்டில் கட்டம் காலியாக இருந்தால் மேலே இருந்து திட்டு வரும். வீட்டுக்குப் போகாமல் கட்டத்தை நிரப்பினால் திட்டு வராது. இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, பொய்க்கணக்கு எழுதுகிறார்கள் என்று நர்சுகளைக் குற்றம் சொல்வது அயோக்கியத்தனம். குடும்பக்கட்டுப்பாட்டு டார்கெட் இருந்த காலத்தில் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் என்ன நடந்ததோ அதேதான். அந்த டார்கெட்டுகளை 1996இல் எடுத்தார்கள். டார்கெட் புத்தி எங்கும் போகவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. பதினெட்டு நிறையாத பெண் கர்ப்பமாகி வந்தால், 2012இன் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சொல்லாதவர் மேல் வழக்கு. குழந்தைகளைக் காக்கத்தான் சட்டம், அதில் வாதமில்லை. ஆனால் மாமன் மகனைக் கட்டிக்கொண்ட பதினேழு வயசுக்காரியும், சாதி தாண்டிக் காதலித்து ஓடியவளும் அதே கட்டத்தில்தான் விழுகிறார்கள். வயதைப் பதிந்த நிமிஷம் பதிவேடு சாட்சியாகிவிடுகிறது. அதனால் என்ன ஆகிறது? வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். அல்லது ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமி கேட்டுக்கொண்டால் டாக்டர் அவள் பெயரைப் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றது. நல்ல தீர்ப்பு. கம்ப்யூட்டரில் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட வழியிருக்கிறதா என்று தீர்ப்பு எழுதியவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

சம்மதம் என்ற சொல்லுக்கு வருவோம். ஆபா எண் கட்டாயம் இல்லை என்கிறது அரசு. 2021இல் கொரோனா தடுப்பூசிக்கு ஆதாரைக் காட்டிய பலருக்கு, சான்றிதழிலேயே அந்த எண் அச்சாகி வந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் சரி என்று சொல்லவில்லை. இப்போது குறிப்பைப் பகிரச் சம்மதமா என்று போனுக்கு ஓ.டி.பி. வரும். எங்கள் தெருவில் பாதி ஆயாக்களுக்குப் போன் கிடையாது. மகன் நம்பர், பேரன் நம்பர், பக்கத்து வீட்டுப் பையன் நம்பர். கணவனுக்குத் தெரியாமல் கருத்தடை வளையம் போட்டுக்கொள்ளும் பெண்ணின் சம்மதம் கணவனின் போனில் மணியடிக்கும். தனிமனிதன் ஒருவன், அவன் கையில் ஒரு போன், அதில் இங்கிலீஷ், அதைப் படித்துச் சிந்தித்துச் சம்மதிக்கிறான் என்ற ஒரு புனைவின் மேல் இந்த மாளிகை முழுக்க நிற்கிறது. அந்த மனிதன் சிங்கவரத்தில் இல்லை. சென்னையிலும் நிறையப் பேர் இல்லை என்றே நினைக்கிறேன்.

சட்டம் என்ன செய்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் சொன்னார்கள். மருத்துவத் தகவலுக்கென்றே 2018இல் ஒரு மசோதா வரைவு போட்டார்கள், அது சட்டமாகவில்லை. 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தில், மருத்துவத் தகவலுக்கு எனத் தனிப் பாதுகாப்பு கிடையாது. 2019இன் மசோதாவில் இருந்த அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். உங்கள் வியாதியும் நீங்கள் வாங்கிய சட்டையின் அளவும் அதன் கண்ணில் ஒரே மாதிரித் தரவு. மானியமும் உதவியும் தருவதற்காக அரசாங்கம் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள அதில் வழியும் உண்டு. மக்களுக்கு வருவதெல்லாம் மானியமும் உதவியும்தானே? இன்னொன்று, இயக்கத் தோழர்கள் கவனிக்க வேண்டியது. இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றால் தர வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்று அந்த உட்பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. அவர்கள் நம் ஏட்டைப் பார்க்கலாம், நாம் அவர்கள் ஏட்டைக் கேட்கும்போது அந்தரங்கம் குறுக்கே வரும்.

திருட்டு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் ஐந்து சர்வர்களைப் பூட்டிவிட்டார்கள். நாட்டின் தலை ஆஸ்பத்திரி ஏறக்குறைய இரண்டு வாரம் காகிதத்துக்குத் திரும்பியது. பின்லாந்தில் 2020இல் நடந்தது இன்னும் கொடுமை. மனநோய்க்கு ஆலோசனை பெற்றவர்களின் குறிப்புகளைத் திருடி, நோயாளிகளுக்கே கடிதம் போட்டுப் பணம் கேட்டான் ஒருவன். டாக்டரிடம் அழுதுகொண்டே சொன்னதற்கு விலை.

ரகசியம் என்றதும் 1986இன் சென்னை நினைவுக்கு வருகிறது. நிர்மலா என்ற முதுகலை மாணவியும் அவர் ஆசிரியர் சுனிதி சாலமனும், பாலியல் தொழிலுக்காகப் பிடித்துக் காப்பகத்தில் வைத்திருந்த பெண்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் தெரிந்தது அப்படித்தான். அந்த மருத்துவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்க வேண்டும். அந்தப் பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது. இதைப் படிக்கிறபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது, எப்போதும் போலப் பெயரில்லாமல் விட்டுவிட்டார்களே என்று. பிறகு யோசித்தேன். பூட்டிய கதவுக்குள் இருந்தவள் வேண்டாம் என்று எப்படிச் சொல்லியிருப்பாள் என்பது ஒரு கேள்வி. ஆனால் அவள் பெயர் நமக்குத் தெரியாமல் இருப்பதால்தான் எங்கோ ஒரு தெருவில் அவள் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடந்திருக்கக்கூடும். கணியம்பாடிப் பெண்பிள்ளைகளின் சாவு எழுதப்படவேண்டியிருந்தது. இந்தப் பெண்களின் பெயர் எழுதப்படாமல் இருக்கவேண்டியிருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எந்த மென்பொருளுக்கும் தெரியாது. 2017இன் எச்.ஐ.வி. சட்டம் இந்தத் தகவலைத் தனியாகக் காக்கச் சொல்கிறது. அதை வாங்கியது பாதிக்கப்பட்டவர்களின் பல வருஷப் போராட்டம். மற்ற வியாதிக்காரர்களுக்கு அப்படியொரு சங்கம் இல்லை.

நான் எதிர்ப்பாளன் அல்ல. சங்கங்களிலும் கூட்டங்களிலும் கேட்க வேண்டியது ‘வேண்டாம்’ என்பதல்ல என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தமிழில் அச்சடித்த பிரதி ஒன்று கையில் வரவேண்டும். ‘கேட்கவில்லை’ என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். ஒவ்வாமை, பழைய ஆபரேஷன், வயது இதெல்லாம் தப்பாக இருந்தால் அதே கவுண்ட்டரில் அன்றைக்கே திருத்த முடிய வேண்டும், யார் எப்போது திருத்தினார் என்பதும் இருக்கட்டும். எண் இல்லை என்பதற்காகச் சான்றிதழோ மாத்திரையோ மறுக்கக் கூடாது. நர்சம்மாவுக்குத் தட்டுவதற்குத் தனி ஆள் வேண்டும். பெரிய புரட்சிகரமான கோரிக்கைகள் இல்லை என்று சில நண்பர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பிதுக்கட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்கள் தெருவுக்கு வருகிற தன்னார்வலர் பெண் இதே ஊர்க்காரி, அம்மாவை அத்தை என்பாள். போன வாரம் வந்து, விரலில் குத்தி, அளவு பார்த்து, போனில் தட்டினாள்.

“எவ்ளோம்மா?”

“நூத்தி எம்பது அத்தை. ஏத்திட்டேன்.”

“ஏத்துனது இருக்கட்டும். அந்தக் காலண்டர்ல எழுதிட்டுப் போ. அப்படியே அந்த ஆகாத மாத்திரை பேரயும் மேல பெருசா எழுது, செவப்புல.”

அவளிடம் சிவப்புப் பேனா இல்லை. நான் போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.